யாருக்குச் சொன்ன சரி

அடுத்த மாதம் உங்களில் ஒருவர் என் மேசைக்கு வரப்போகிறீர்கள். எனக்கு ஓய்வு பெறும் வயது இல்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த இதய ஆய்வு யூனிட்டில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவர்களில் இன்னும் மிஞ்சி இருப்பவள் நான் ஒருத்திதான். அதனால் போவதற்கு முன் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள்.

ஈசிஜி எடுப்பது, ரத்தம் எடுப்பது, குழாயில் பெயர் ஒட்டுவது எல்லாம் பயிற்சியில் வந்துவிடும். பயிற்சியில் வராதது வாசலில் நடப்பது. உள்ளே வாங்க என்று யாரோ கதவைத் திறந்த பிறகு நடப்பது.

எதற்கும் பட்டியல் போடுகிறவள் என்று எங்கள் ஃபேரர் பார்க் வீட்டில் எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, மக்கள் சொல்லும் 'சரி'க்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஆளைக் கிளப்பிவிடுவதற்காகச் சொல்லும் சரி. வெள்ளை உடுப்பைப் பார்த்து, அரசாங்கம் வந்திருக்கிறது என்று பயந்து சொல்லும் சரி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டாரே என்று சொல்லும் சரி. இலவசமாக டாக்டர் பார்ப்பார் என்று நினைத்துச் சொல்லும் சரி. இதில் எது வந்தாலும் காகிதத்தை நீட்டாமல் முதலிலிருந்து மறுபடி விளக்க வேண்டும் என்பது என் விதி. பட்டியல் முழுமையாகிவிட்டது என்றுகூட நினைத்திருந்தேன்.

அப்போது எங்களுக்குத் தேவைப்பட்டது தமிழ் ஆண்களின் இதயம். நாங்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் போட்டவர்கள் ஆசிரியர்களும் கிளார்க்குகளும். யாருடைய வீட்டில் ஆண்கள் சீக்கிரம் செத்துக்கொண்டிருந்தார்களோ, அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்த குடும்பங்கள் அவை. பழைய குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஈசூன் அடுக்குமாடிகளுக்கு வந்திருந்தார்கள். ஷிப்ட் வேலை. ஆங்கிலக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள். அதோடு எம்ஆர்டி ரயில் பாதைக்காக அந்தப் பக்கம் தூண் இறக்கிக்கொண்டிருந்த சமயம். தூண் நிற்பதற்கு மனுஷ ரத்தம் கேட்கிறது, மிஸ்ஸிகள் எடுக்கிற ரத்தமெல்லாம் அங்கேதான் போகிறது என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. மிஸ்ஸி என்றால் நர்ஸ். நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன். ஆனால் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் எல்லாம் அங்கே மிஸ்ஸிதான். நான் நடைபாதையில் திரும்பினால் போதும், வீடுகளில் ரேடியோ ஒவ்வொன்றாக அடங்கும். கதவுகள் அறைந்து சாத்தப்படாது. மெதுவாக, சத்தமே வராமல் சாத்தப்படும். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியில் அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கக் கோயிலில், தமிழ்ப் பூசை முடிந்த பிறகு பேச ஃபாதர் அனுமதி கொடுத்தார். பேசினேன். கேட்டார்கள், எழுந்து போனார்கள். மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் ஒரே ஒரு அம்மா நின்றார். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவர். பெயர் பிலோமினா.

"எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் நாற்பத்தஞ்சைப் பாக்கல மிஸ்ஸி" என்றார். "அப்பா, பெரியண்ணன், சின்னண்ணன். எல்லாம் நின்னுக்கிட்டே விழுந்தவங்க. தம்பி லூர்துக்கு வர்ற ஜனவரியில நாற்பத்தஞ்சு."

லூர்து கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறவர். கப்பலின் வயிற்றுப் பக்கம், தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில், பலகை மேல் நின்று செய்கிற வேலை. போன மாதம் இரண்டு முறை கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதாகக் கூட வேலை செய்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் எழுந்து வெளியே போய்விடுவாராம். ஃபாதர் சொல்லியும் கேட்கவில்லை, மேனேஜர் சொல்லியும் கேட்கவில்லை. அப்பா கூப்பிடுகிறார், நேரம் வந்தால் போவேன் என்கிறாராம்.

அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார் பிலோமினா அக்கா. அன்றைக்கு லூர்து கட்டாயம் வீட்டில் இருப்பார் என்றார். ஏன் கட்டாயம் என்று நான் கேட்கவில்லை.

அந்த பிளாக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. மேலே இறங்கி இரண்டு மாடி கீழே நடக்க வேண்டும். படியில் இறங்கும்போது ஒரு சத்தம் கேட்டது. இரும்பின் மேல் இரும்பு. மூன்று நான்கு அடி ஒழுங்காக வரும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு அவசரமாக இரண்டு. எம்ஆர்டி வேலை என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீடு சுத்தமாக இருந்தது. சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதன் கீழே பலகையில் மாலை போட்ட மூன்று போட்டோக்கள், மூன்று மெழுகுவத்திகள். மேசையில் மூன்று வாழை இலைகள் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் ஆட்டுக்கறியும் பரிமாறியிருந்தது. அக்கா சமையலறைக்குள் நின்றபடி "உக்காருங்க மிஸ்ஸி, தம்பி குளிக்கிறான்" என்றார். ஒரு நாற்காலி மட்டும் வெளியே இழுத்துப் போட்டிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர், இலையும் மூன்று. பசிக்கவில்லை, வேண்டாம் என்றால் மரியாதை இல்லை. உட்கார்ந்தேன். காகிதங்களை இலைக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.

லூர்து தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர் பார்த்தது என் முகத்தை அல்ல. என் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தார். என்னைவிட உயரமான ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் முகம் எங்கே இருக்குமோ, அந்த இடத்தை. நான் எழுந்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. எதிரில் வந்து நின்றார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

ஆய்வு என்றால் என்ன என்பதுகூட இன்னும் சொல்லவில்லை. இருங்கள், முதலில் படித்துக் காட்டுகிறேன் என்றேன். தேவையில்லை என்று தலையசைத்துவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மறுபடி அந்த ஒரு சாண் மேலே பார்த்துச் சொன்னார்:

"சரிண்ணே. வர்றேன்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்று வெள்ளை உடுப்புக்கூட இல்லை, புடவை கட்டியிருந்தேன். அந்த அறையில் அண்ணன் யாரும் இல்லை.

தண்ணீர் கேட்பதுபோல எழுந்து சமையலறைக்குப் போனேன். பிலோமினா அக்கா கதவுக்குப் பின்னால் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். அங்கே வைத்துத்தான் விஷயம் தெரிந்தது. அன்று கல்லறைத் திருநாள், இறந்தவர்களுக்கான நாள். காலையில் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி ஃபாதர் மந்திரித்து முடிந்ததும், வீட்டில் செத்தவர்களுக்கு இலை போடுவது இந்தக் குடும்பத்தின் வழக்கம். எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் இது கிடையாது. இவர்களுடைய அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்தது. மெழுகுவத்தி அணையும்வரை அந்த நாற்காலிகளில் யாரும் உட்காரக்கூடாது. நான் உட்கார்ந்தது சின்னண்ணன் இடம்.

"நாற்காலியை யாரு இழுத்துப் போட்டா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. "நான்தான். உயிரோட இருக்கற எல்லாருகிட்டயும் சொல்லிப் பாத்தாச்சு. இவங்ககிட்ட மட்டும்தான் கேக்கல." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் சொல்லிறாதீங்க மிஸ்ஸி. சின்னண்ணன் சொன்னா அவன் கேப்பான். சொல்லிட்டாருன்னு நெனச்சுட்டான். வந்துருவான். அது போதும்."

நீங்கள் அந்தச் சமையலறையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒரு மனிதர். அவருடைய இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டுவிட்டார், கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டர் வருஷக்கணக்காகத் தேடிய குடும்பம் இது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திறந்தால் அவர் எழுந்து வெளியே போவார். நாளைக் காலை சாரத்தில் ஏறுவார்.

ஆனால் அந்தச் சரியை அவர் எனக்குச் சொல்லவில்லை. என் பட்டியலில் இல்லாத சரி அது. செத்துப்போன ஒருவருக்குச் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு போனால், எங்கள் ஆய்வில் கையெழுத்துப் போட்ட ஆள் லூர்து ஆகமாட்டார். இன்னொன்றும் தோன்றியது. பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரி வாசல்வரை வருவார். அங்கே மேசையில் படுக்கவைத்து நெஞ்சைத் தொடும்போது சின்னண்ணன் வந்து சொல்லமாட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கூடத்துக்கு வந்தேன். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, காகிதங்களை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். லூர்துவும் எதிரில் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். இந்த முறை சரியாக என் முகத்தை.

"அண்ணே, இன்னிக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியாது. நான் இந்துப் பொண்ணு. தெரியாம அந்த இடத்துல உக்காந்துட்டேன். என்னை யாரும் அனுப்பல. ஆய்வு யூனிட்தான் அனுப்புச்சு." கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "இது வேணாம். கிழிச்சுருங்க."

கிழிக்கவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது, ரயிலடியில் ஆளைத் தவறவிட்டவர் மாதிரி. சமையலறைக்குள் பிலோமினா அக்காவின் அழுகை கேட்டது.

"அப்ப கெளம்புங்க மிஸ்ஸி" என்றார். "அண்ணன் வரலைன்னா என்ன, அப்பா கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. படுத்தா கேக்குது. இப்பக்கூட கேக்குது."

அவருடைய அப்பா பட்டறையில் துரு தட்டினவர். கப்பல் தகட்டில் சின்னச் சுத்தியலால் நாள் முழுக்கத் தட்டித் துருவை உதிர்க்கும் வேலை. இது என் காதில் விழாத பேச்சாகப் போயிருக்கலாம். மூடநம்பிக்கை என்று நினைத்து நான் பையை மூடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏன் என்று தெரியவில்லை, எப்படிக் கேட்கிறது, தட்டிக் காட்டுங்கள் என்றேன்.

ஒரு கரண்டியை எடுத்து மேசையின் இரும்புக் காலில் தட்டினார். மூன்று நான்கு ஒழுங்காக. ஓர் இடைவெளி. அவசரமாக இரண்டு.

படியில் இறங்கும்போது நான் கேட்டது அதேதான். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. எந்த ரிப்போர்ட்டிலும் அதை நான் எழுதியதும் இல்லை.

அவருடைய இடது கையை எடுத்து, விரல்களை அவர் கழுத்திலேயே, துடிப்பு தெரிகிற இடத்தில் வைத்தேன். அதே கையின் மணிக்கட்டை நான் பிடித்தேன். நிறுத்தாமல் தட்டுங்கள் என்றேன். தட்டினார். கரண்டி விழும்போதெல்லாம் என் விரலின் கீழ் துடித்தது. கரண்டி நின்றபோது துடிப்பும் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, இரண்டும் ஒரே சமயத்தில். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. முகம் மாறுவதைப் பார்த்தேன்.

பிறகு ஒரு நீண்ட இடைவெளி வந்தது. கரண்டி மேலே தூக்கிய கையில் அப்படியே இருந்தது. என் விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அக்கா சமையலறை வாசலுக்கு வந்து நின்றிருந்தார். லூர்தின் கண்கள் என் மேல் இருந்தன, ஆனால் அவற்றில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மூன்று போட்டோக்களும் எங்களைப் பார்த்தபடி இருந்தன. நாங்கள் ஆறு பேரும் காத்திருந்தோம் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது வந்தது. கரண்டி கைநழுவிக் கீழே விழுந்தது.

"அப்பா இங்கயா இருக்காரு?" என்று கழுத்திலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது அண்ணே. சத்தம் இங்கேருந்து வருது. நடுவுல நிக்குது. அது நிக்கும்போது நீங்க சாரத்துல இருந்தா விழுந்துருவீங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போனா நிறுத்திருவாங்களா?"

"நிக்காம இருக்கத்தான் பாப்பாங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. யோசித்தார். ஆய்வு வேண்டாம், காகிதம் வேண்டாம், உங்களுக்காக மட்டும் வாருங்கள் என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வேலையில் ரொம்பக் கஷ்டமானது அதுதான், சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு சும்மா இருப்பது.

"சரி மிஸ்ஸி" என்றார். "ஆனா மெழுகுவத்தி அணையட்டும். பாதியில எந்திரிக்கக் கூடாது."

மெழுகுவத்திகள் பாதிகூட எரிந்திருக்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போக எனக்கு உரிமை கிடையாது, காத்திருக்கவும் நேரம் கிடையாது. என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் பிலோமினா அக்கா போட்டோக்களின் முன்னால் போய் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று சுடரையும் விரலால் நசுக்கி அணைத்தார்.

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க லா" என்றார் தம்பியிடம். "எந்திரி."

நான் போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரைப் படி வழியாக இறக்கிக்கொண்டு போனபோது, நடைபாதையில் அதுவரை சாத்தியிருந்த கதவெல்லாம் திறந்திருந்தன. மிஸ்ஸி வந்தாள், ஆள் போகிறான் என்று அவர்கள் நினைத்தது எனக்குக் கேட்டதுபோலவே இருந்தது. அவர் திரும்பி வராவிட்டால் அந்த பிளாக்கில் இனி எந்தக் கதவும் திறக்காது. அதைவிட, நான் அந்த அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் வழியெல்லாம் என் மனதில் இருந்தது.

லூர்து பிழைத்தார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். எங்கள் டாக்டர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை, அதைவிட மோசமாக, சில நாள் என்னோடு பேசவே இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தவள் என்று யூனிட்டில் எனக்குப் பெயர் வந்தது. வார்டில் போய்ப் பார்த்தபோது, சத்தம் கேட்கிறதா என்று லூர்திடம் மெதுவாக விசாரித்தேன்.

"கேக்குது. ஆனா இது அப்பா இல்ல" என்றார். "யாரோ புது ஆளு. ஒண்ணுகூட விடாமத் தட்டுறான். அப்பாவுக்கு இவ்ளோ பொறுமை கெடையாது."

சிரித்தார். அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் அப்பாவைத் தொலைத்த மனிதர் அவர் என்பதையும் நீங்கள் மறக்கக் கூடாது. நாம் சேர்க்கிற ஆட்களிடம் நாம் எதையோ எடுத்துக்கொள்ளவும் செய்கிறோம், குழாயில் பிடிக்க முடியாத ஏதோ ஒன்றை.

ஈஸ்டர் முடிந்து ஒருநாள் அவரே பஸ் ஏறி யூனிட்டுக்கு வந்தார். அந்தப் பேப்பர் இருக்கா, இப்ப படிங்க, கேக்கறேன் என்றார். படித்தேன். ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டார். யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்டார். குளிர்பெட்டியில் எடுத்து வைப்பது மட்டும் வேண்டாம் என்றார். அந்த வரியை அடித்தோம். மீதிக்குக் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்த்து. அதன் பிறகுதான் பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இதயத்தைப் பற்றி நான் கோயிலில் பேசியது அவர்களுக்கு ஞாபகம்கூட இல்லை. லூர்து ஒரு வரிக்கு வேண்டாம் என்றார், மிஸ்ஸி அதை அடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு வந்தார்கள்.

இப்போது யாராவது ரொம்பச் சுலபமாகச் சரி என்றால் நான் பேனாவைக் கொடுப்பதில்லை. அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்ப்பேன். சில சமயம் கணவரைப் பார்த்துச் சொல்வார்கள். சில சமயம் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து. நீங்களும் பாருங்கள்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். படியில் நடுவே நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, நான் வந்த பிறகும் அது நிற்கவில்லை. கதவைத் திறந்த லூர்து சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து சுவர் ஓரமாகப் போட்டார்.

"இதுல உக்காருங்க மிஸ்ஸி. இது யாரோட எடமும் இல்ல."

உட்காருவதற்கு முன் மேசையைப் பார்த்தேன். இலைகளை எண்ணினேன். மூன்றுதான் இருந்தன, நான்காவது இல்லை.